கண் மங்கினும் களிப்பு மங்காது

முதுமையின் முதல் தூதன் யார் என்று கேட்டால் நரை என்பார் சிலர். முழங்கால் வலி என்பார் சிலர். நம்மைக் கேட்டால் கண் என்போம். நாற்பதைக் கடந்தவர் ஒரு நாள் செய்தித்தாளைச் சற்றே தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்குகின்றார். சில ஆண்டுகளில் கையின் நீளமும் போதாமற் போகிறது. விழியினுள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வுடையது. அருகில் உள்ளதைப் பார்க்கத் தடித்தும், தொலைவில் உள்ளதைப் பார்க்கத் தட்டையாகியும் அது தன் வடிவை மாற்றிக்கொள்ளும். வயது ஏற ஏற அவ்வில்லை இறுகுகிறது. அறுபதை எட்டும்போது அந்த நெகிழ்வு ஏறத்தாழ முற்றிலும் நீங்கிவிடுகிறது. இது நோயன்று, நரையைப் போல் எல்லார்க்கும் வருவது. இதற்கு வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் பெயரிட்டனர்.

வெள்ளெழுத்து வந்தபின் படிப்பை யாரும் விட்டுவிடுவதில்லை, கண்ணாடி வாங்கிக்கொள்கின்றோம். ஆனால் விளையாட்டை மட்டும் விட்டுவிடுகின்றோம். ‘இந்த வயதில் எதற்கு?’ என்னும் ஒரே கேள்வியில் எத்தனையோ இன்பங்கள் பரணுக்குப் போய்விடுகின்றன. நமக்கு அகவை 68. நாம் விட மறுத்த விளையாட்டு ஒன்று உண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஸ்லாட் கார் என்பது அதன் பெயர். ஓட்டத் தடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். அதன் இருபுறமும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். சிறு காரின் அடியில் உள்ள நாக்கு பள்ளத்தில் இறங்கி வழிகாட்ட, செம்பு இழைப் பின்னல்கள் பட்டைகளைத் தொட்டு மின்சாரத்தைப் பெறும். ஓட்டுபவர் கையில் ஒரு விசை இருக்கும். அழுத்தினால் வேகம் மிகும், தளர்த்தினால் குறையும். திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது. வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தோடு நுழைந்தால் கார் பள்ளத்தைவிட்டுத் தூக்கி எறியப்படும். ஆகவே எங்கே வேகத்தை அடக்க வேண்டும் என்று அறிவதே இக்கலையின் உயிர். பிரிட்டனில் பிரெட் பிரான்சிஸ் என்பார் 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்னும் பெயரில் இதனை வீட்டு விளையாட்டாக வெளியிட்டார். 1960களில் அமெரிக்க நகரங்களில் இதற்கெனவே கூடங்கள் பெருகின. அப்பத்தாண்டு முடிவதற்குள் அந்த அலை தணிந்தும் போயிற்று. விளையாட்டோ அழியவில்லை.

அது அந்தமானின் லாங் ஐலண்டுக்கு வந்த கதை சிறியது. மத்திய அந்தமானின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள இத்தீவில் அந்நாளில் பிளைவுட் ஆலை ஒன்று இயங்கியது. நாம் அங்கே பணியாற்றினோம். கப்பலில் பணிபுரிந்த உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு கார்களைக் கொணர்ந்தார், தடம் கொணரவில்லை. பிளைவுட் ஊரில் தடத்திற்குப் பஞ்சமா? கழிவுப் பலகைகளை விலைக்குப் பெற்று, 3 மில்லிமீட்டர் அகலத்தில் பள்ளம் வெட்டி, இருமருங்கும் செம்பு நாடா ஒட்டினோம். தமிழரும் வங்காளியரும் ராஞ்சிப் பகுதியினரும் தெலுங்கரும் மாலைதோறும் கூடி ஓட்டினர். 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை விதித்தது. காட்டுக்கு அது நன்மை. ஆலைக்கு அது முடிவு. நண்பர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். நாம் தங்கிவிட்டோம்; நம்முடன் அந்தப் பலகையும் தங்கிற்று. சென்னையிலிருக்கும் மகன், ‘அப்பா, கண்ணும் சரியில்லை, அதை யாருக்காவது கொடுத்துவிடுங்களேன்’ என்று அன்போடுதான் சொன்னான். நமக்கோ அந்தப் பலகையைக் கொடுப்பது, ஓர் ஊரையே கொடுத்துவிடுவது போலிருந்தது.

ஆகவே கண்ணோடு உடன்பாடு செய்துகொள்ளும் வழிகளைத் தேடினோம். முதலில் விளங்கியது, இவ்விளையாட்டு ஒரு தொலைவில் ஆடுவதன்று, இரு தொலைவுகளில் ஆடுவது என்பதே. காரைச் செப்பனிடும்போது அது கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. ஓடும்போது இரண்டு, மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரே கண்ணாடி இரண்டுக்கும் உதவாது. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. தடத்தைத் தரையில் விரித்துக் குனிந்து நோக்கினால், பார்வை அக்கீழ்ப்பகுதியின் வழியே சென்று தடம் முழுதும் புகைபோல் தெரியும். புரோகிரசிவ் கண்ணாடியிலோ, பக்கவாட்டில் ஓடும் கார் ஓரங்களில் நெளிந்து தோன்றும். தடத்தை இடுப்பளவு மேசைமேல் ஏற்றி, ஓட்டுவதற்கென்று ஒரே குவியமுடைய தூரக் கண்ணாடியை அணிந்தபோது அத்தொல்லை தீர்ந்தது. முழங்காலும் நன்றி சொல்லிற்று. செப்பனிடும் பணிக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி போதும். இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

அடுத்தது ஒளி. முதுமையில் கண்பாவை சுருங்குகிறது. வில்லையும் மஞ்சள் பூக்கிறது. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே அறுபது வயதினர்க்குக் கிட்டுகிறது என்பர். எனவே விளக்கைக் கூட்டினோம்; ஆனால் கண்ணில் படாமல், தடத்தில் மட்டும் விழுமாறு தொங்கவிட்டோம். ஒளி குறைந்தால் முதியவர் தடுமாறுவார், கூசினாலும் தடுமாறுவார். தீவின் மின்சாரம் டீசலை நம்பியது, அடிக்கடி விடைபெறுவது. அவ்வேளைகளில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே காருக்கும் விளக்கிற்கும் போதும். பேட்டரியோடு ஒரு ஃபியூஸ் இணைத்தல் மட்டும் கட்டாயம்.

பிறகு நிறம். கருந்தடத்தில் கருநீலக் கார் முதிய கண்ணுக்கு மறைந்துவிடும். கார்களுக்கு மஞ்சளும் வெள்ளையும் பூசினோம். வேகத்தை அடக்க வேண்டிய இடங்களில் தடத்தின் ஓரம் வெண்பொட்டு இட்டோம். அளவிலும் தேர்வு உண்டு. நான்கு மீட்டர் நீளமுள்ள உண்மைக் கார், 32இல் ஒரு பங்காகச் சிறுத்தால் 12.5 சென்டிமீட்டர், 64இல் ஒரு பங்கானால் அதிற் பாதிதான். முதியோர்க்குப் பெரியதே நன்று. காரின் அடியில் காந்தம் பதித்திருந்தால் அதனைக் கழற்றிவிடுதலும் நலம். காந்தம் காரைத் தடத்தோடு இழுத்துப் பிடித்து மின்னல் வேகம் தரும். அவ்வேகத்தைத் தொடர நம் கண்ணுக்கு இயலாது. காந்தமின்றி ஓடும் கார் மெல்லச் செல்லும். வளைவில் வால் வீசித் தன் நிலையைச் சொல்லிவிடும்.

கண் கொடுக்காததைக் காதும் விரலும் கொடுத்தன. மோட்டாரின் சுருதி நேர்வழியில் ஏறும்; வளைவில் இறங்கும். எந்தச் சுருதியில் விசையைத் தளர்த்துவது என்பது பழகப் பழகச் செவிக்கு மனப்பாடமாகிவிடுகிறது. ஆலையில் மரச்சீவலின் குறையை உள்ளங்கையால் தடவியே கண்டுபிடிப்போம். அதே கையால் இன்று செம்பு நாடாவைத் தடவி, எங்கே மேடு, எங்கே பிளவு என்று அறிகின்றோம். கடற்காற்றின் உப்பு செம்பில் களிம்பு ஏற்றும். வீட்டுச் செம்பைப் போலப் புளியிட்டுத் துலக்க இயலாது. அழிரப்பரால் துடைத்தல் வேண்டும். களிம்பு ஏறிய இடத்தில் கார் தயங்கும் ஓசை, கண்ணுக்கு முன் காதுக்கே எட்டுகிறது.

இத்தனை உடன்பாடும் முதுமையோடுதான், நோயோடன்று. இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்தியதும் இப்பலகையே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, விளக்கொளி பட்டு மின்னும் செம்பின் அருகே கார் மறைந்து மறைந்து தோன்றிற்று. விளக்கை மாற்றியும், கண்ணாடியைத் துடைத்தும் பயனில்லை. பேரன், ‘தாத்தா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க’ என்றான். வலக்கண்ணை மூடியபோது பனிமூட்டம். இடக்கண்ணை மூடியபோது தெளிவு. அது வெள்ளெழுத்தன்று, கண்புரை. அடுத்த கப்பலிலேயே தலைநகருக்குச் சென்றோம். அப்போது போர்ட் பிளேர் என்றழைக்கப்பட்ட அந்நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. அங்கிருந்து மதுரைக்குச் சென்று அறுவை செய்துகொண்டோம்.

மதுரை என்றதும் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை நினையாதிருக்க முடியுமா? முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும், அவ்விரல்களைப் பழக்கிக் கண் அறுவை செய்தவர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் துணையாக அமைந்த ஆரோலேப், கண்ணினுள் பொருத்தும் வில்லைகளை எளியவர்க்கும் எட்டும் விலையில் செய்யலாயிற்று. ஒன்று பழுதானால் மற்றொன்றைப் பழக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அவரினும் சான்று வேண்டுமோ?

புரையுற்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பொதுவாகப் பொருத்தப்படும் வில்லைக்கு ஒரே குவியம். எந்தத் தொலைவில் தெளிவு வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நலம். தைப்பவர்க்கு ஒரு தொலைவு, படகு ஓட்டுபவர்க்கு வேறொரு தொலைவு. தூரப் பார்வையே வேண்டும் என்றோம், அவ்வாறே பொருத்தினர். கட்டு அவிழ்த்த நாளில் நீலத்தின் நீலத்தை மீண்டும் கண்டோம். வலியின்றிப் பக்கப் பார்வையைத் திருடும் கண் அழுத்த நோயும், நீரிழிவால் வரும் விழித்திரைப் பழுதும் இவ்வாறு முன்னறிவித்து வருவன அல்ல. ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுதலே அவற்றுக்குக் காவல்.

இன்னும் நம்மால் இயலாதன உண்டு. மயிரிழை போன்ற மோட்டார்க் கம்பியைப் பற்றவைப்பது இனிப் பேரனின் பணி. இழைப் பின்னலை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று சொல்வது நம் பணி. அவன் கண்ணும் நம் நினைவும் சேர்ந்து ஒரு முழு மெக்கானிக் ஆகின்றன. அவன் பள்ளி விடுமுறை முடிந்து போகும்போது, கார்களைத் துணியில் சுற்றிவைத்து அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கின்றோம். வேலையைத் தேடிக் கடல் கடந்த குடும்பங்களில் பிள்ளைகள் மேலும் ஒரு கடல் கடந்து போவது இயல்பு. அவர்கள் திரும்பி வரும்போது மூத்தோரிடம் பேச ஒரு பொருள் இருக்க வேண்டும். மருந்து, மாத்திரை பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இப்பலகையருகே நின்றால் பொழுது போவதே தெரிவதில்லை.

எனவே மூத்தோர்க்கு நம் வேண்டுகோள் இதுவே: தையலோ, தாயமோ, வீணையோ, எதுவாயினும் கண் மங்கிற்று என்று உடனே பரணில் ஏற்றிவிடாதீர். விளக்கை நகர்த்துங்கள், மேசையை உயர்த்துங்கள், நிறத்தை மாற்றுங்கள், மருத்துவரைக் காணுங்கள், இளையவரைத் துணைக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: ‘கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லுமுன் ஒரு சுற்று உடன் ஓட்டிப் பாருங்கள். சென்ற விடுமுறையில் மகன் வந்தான். மஞ்சள் காரை எடுத்தான். மூன்றாம் வளைவில் தூக்கி எறியப்பட்டான். அதன்பின் அவன் அப்பேச்சை எடுக்கவில்லை.