நடந்தே பெற்ற தளங்கள்

ஹால் ரிச்மன் 1961-இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' ஆட்டத்தில், அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஒருவரின் ஓராண்டு உழைப்பு ஓர் அட்டைக்குள் அடங்கிவிடும். பகடை உருள, பந்தயம் நடக்கும். 1968-ஆம் ஆண்டு அட்டைகளிலிருந்து நண்பர்களோடு அணி அமைக்க நாம் அமர்ந்தபோது, மிக்கி மாண்டிலை எவரும் நாடவில்லை. அவருக்கு அது இறுதி ஆண்டு. அடிச் சராசரி வெறும்.237. நாமோ வேறொரு கணக்கை நோக்கினோம். நான்கு பந்துகள் எல்லை தவறின், அடிப்பவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாமன்றோ? தேய்ந்த முழங்கால்களோடு, தீய பந்தைத் தீண்டாது பொறுத்து நின்று, அவ்வாண்டில் அவர் 106 முறை அவ்வாறு நடந்திருந்தார். தளத்தில் ஆளிருந்தாலன்றி ஓட்டம் ஏது? அவரையே முதற்கண் தேர்ந்தோம். நண்பர்கள் நகைத்தனர். தம் வாழ்நாள் சராசரி .300-க்குக் கீழிறங்கியதற்காகப் பின்னாளில் மாண்டிலே வருந்தியதுண்டு. நடந்தவற்றை அச்சராசரி எண்ணுவதில்லை. நம் அட்டை எண்ணியது. பருவம் முடிந்தபோது நம் அணியே முதலிடத்தில் நின்றது.