கொம்பு வைத்த நாய்

"ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "சும்மா இருக்கப் போறேன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். 34 வருஷம் பாங்க் கவுன்ட்டரில் நோட்டு எண்ணியவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? கஜா புயல் விடவில்லை.

2018 நவம்பர் 16. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் தென்னை, மா, கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்ததில், தாத்தா காலத்து மாட்டுத் தொழுவமும் படுத்துவிட்டது. 'மரத்தை சூளைக்குப் போட்டா நாலு காசு தேறும்' என்று தம்பி ஆள் மூலம் சொல்லியனுப்பினான். (பாகப்பிரிவினைக்குப் பிறகு எங்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது!) எனக்கு மனசு கேட்கவில்லை. என் பங்குக்கு நாலு பூவரசங்கால், கொஞ்சம் பனங்கை. டெம்போவில் ஏற்றி தஞ்சாவூருக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

"நம்ம வீட்டுல கேஸ் அடுப்புதானே?" என்றாள் என் மனைவி.

பொம்மை செய்யப் போவதாகச் சொன்னதும், தெருக்கோடி ஆசாரி சிரிக்காமல் ஒரு யோசனை சொன்னார்: "மொதல்ல ஆணியப் புடுங்குங்க சார். இல்லேன்னா உங்க ரம்பத்துக்குப் பல் செட் கட்டணும்."

ஒரே காலில் 27 ஆணி! பனங்கை இழைக்க இழைக்கச் சிராய் சிராயாகக் கிளம்பி உள்ளங்கையில் குடியேறியது. அதை ஓரங்கட்டினேன். பூவரசுதான் கெட்டிக்கார மரம். வெளியே சாம்பல் பூத்துக் கிழடு தட்டிக் கிடக்கும். ரெண்டு தள்ளு இழைப்புளி போட்டால் உள்ளே கருஞ்சிவப்பு! ஆனால் உளி லேசில் இறங்காது. கொண்டபள்ளி பொம்மைக்காரர்கள் பொனிகி என்ற லேசான மரத்தில் கை கால்களைத் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டை மாவையும் மரத்தூளையும் குழைத்து ஒட்டுவார்கள். நானும் மாட்டுக்குக் கொம்பை அப்படியே ஒட்டினேன்.

"நாய் ஜோரா இருக்குங்க. கொம்பு எதுக்கு?" என்றாள்.

நாலாவதுதான் மாடாகப் பிறந்தது. அது கட்டுத்தறி மரம். முழங்கால் உயரத்தில் தும்புக் கயிறு உரசி உரசி, விரல் நுழையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அப்பா தினம் ரெண்டு வேளை கட்டி அவிழ்த்த இடம். அதில் உளி வைக்கக் கை வரவில்லை. பள்ளம் கழுத்தில் வருகிற மாதிரி மாட்டைச் செதுக்கினேன்.

போன தை மாசம் தம்பி, மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். ஒப்புக்குத்தான். எழுந்து கிளம்பும்போது ஷோகேஸைப் பார்த்தவன், மாட்டைக் கையிலெடுத்தான். கட்டைவிரல் தானாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"கட்டுத்தறியாண்ணே?"

"ம்."

"செவலையைக் கட்டுவாரே... என்னைக்கூட முட்டிச்சே!"

"உன்னை எங்கடா முட்டிச்சு? என்னைத்தான்." வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். அவனும் ஒரு தழும்பைக் காட்டினான். காபி ஆறிப்போனது.

அடுத்த வாரம் வாசலில் ஒரு டெம்போ. அவன் பங்கு மரம் பூராவும்! சூளைக்குப் போடாமல் ஆறு வருஷமாக வைத்திருந்திருக்கிறான், படவா.

ஸ்கூட்டர் வைக்கிற இடத்தில் சரிந்து கிடந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை நாய் வரும்?" என்றாள் என் மனைவி.