உடைமையும் ஓம்பலும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குதல் வேறு. அதனை உடையராதல் வேறு. வாங்குதல் ஒருநாளில் முடிவது. உடைமையோ, அப்பொருளின் இயல்பறிந்து, அதற்கு வேண்டுவன செய்து, அதனாலாய பயனைக் கொள்ளுங்காறும் தொடர்வது. இவ்வேறுபாடு ஆடை அணிகலன்களில் அத்துணை விளங்கித் தோன்றாது. பொறிகளில் நன்கு விளங்கும். அவற்றுள்ளும், செலுத்துவோர் செய்யவேண்டுவதொன்றைத் தானே ஏற்றுச் செய்யும் பொறியில் மிக விளங்கும். இங்கிலாந்தின் வடபகுதியில் வாழும் ஓரில்லறத்தாரது மோட்டார் வண்டியைக் கொண்டு அஃது ஈண்டு ஆராயப்படும்.

அவ்வண்டி, அந்நாட்டார் 'பீப்பிள் கேரியர்' என வழங்கும் இனத்துள் சிறுவடிவினது. நீளத்தைக் கூட்டாது உயரத்தைக் கூட்டி, அதனாற் பலர் அமர இடஞ்செய்தலே இவ்வினத்தின் இலக்கணம். 1956-ல் இத்தாலியில் வெளிவந்த பியட் 600 மல்டிப்ளா, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளத்துள் அறுவர்க்கு இடந்தந்தது. 1984-ல் பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தார் எஸ்பாஸ் என்பதனைப் பெருவடிவில் விற்றனர்; 1996-ல் அவர்களே சேனிக் என்பதனைச் சிறுவடிவில் இயற்றினர். அது 1997-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த ஐரோப்பிய வண்டியெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1999-ல் வந்த ஓப்பல் சபீராவிற் பின்னிருக்கைகள் இரண்டும் மடிந்து தளத்துள் அடங்கின. பின்னர் மக்கள் விருப்பம் எஸ்.யூ.வி. என்னும் வேறினத்தின்மேற் செல்லவே, இவ்வினம் அருகிற்று. சேனிக் என்னும் பெயரும் 2023-ல் ஒரு மின்வண்டிக்குச் சூட்டப்பட்டது.

மேற்கூறிய இல்லத்தில் மக்கள் மூவர்; மனைவியின் தாயார் முதியர், உடனுறைபவர். இவ்வண்டியின் இருக்கை இடுப்பளவின் உயர்ந்திருத்தலின், அவ்வம்மையார் தாழக் குனியாமலும், மேலேறி வருந்தாமலும் திரும்பி அமர்தல் கூடும். இல்லத்தலைவர்க்கு இடமுழங்கால் தேய்ந்தமையால், ஊர்த் தெருக்களில் இடையறாது கிளச்சினை மிதித்தல் இயலாதாயிற்று. ஆதலின் தானியங்கிக் கியர்ப்பெட்டியுடைய வண்டியொன்று பழையதாக வாங்கப்பட்டது. அதுகாறும் ஓட்டப் பயிலாத மனைவியாரும் அதனிலேயே பயின்று தேர்வுற்றார். தானியங்கி வண்டியில் தேர்வுற்றோர் கைக்கியர் வண்டியை ஓட்டற்கு அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. எனவே, கணவர் காலும் மனைவி உரிமையும் ஆகிய இரண்டும் அவ்வொரு பெட்டியைச் சார்ந்து நின்றன.

இனி அப்பெட்டியின் இயல்பு கூறப்படும். எதிரெதிர் வைத்த இரு விசிறிகளுள் ஒன்று சுழன்றால், அதன் காற்றால் மற்றதுஞ் சுழலும். அங்ஙனமே எண்ணெய் நிறைந்த கூட்டினுள், எஞ்சினாற் சுழலும் தகட்டுச் சக்கரம் எண்ணெயை வீச, அவ்வீச்சால் எதிரிலுள்ள சக்கரஞ் சுழலும். இம்முறைக்கு ஜெர்மானியராகிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் உரிமை பெற்றார். அவர் கருதியது கப்பலையே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தார் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் இத்திரவ இணைப்பினையும் தானே மாறும் கியர்களையுஞ் சேர்த்து, ஹைட்ராமாட்டிக் என விற்றனர். கியர்களோ, நடுவில் ஒரு சக்கரமும், அதனைச் சூழ்வரும் சிறுசக்கரங்களும், புறத்தே ஒரு வளையமுமாக அமைந்தன; நடுவிலதனை ஞாயிறென்றும் சூழ்வனவற்றைக் கோள்களென்றும் வழங்குப. இவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்த மற்றவை வேறுவேறு விரைவிற் சுழலும். பிடிப்பதும் விடுப்பதும் எண்ணெயின் அழுத்தமே.

தானே இயங்குமாயின் உடையார்க்குச் செயலின்றாம் எனின், அற்றன்று. கைக்கியர் வண்டியில் தவறு நேரின் கையும் காலும் உடனே உணரும். இதனிலோ உணர்த்துவது சிறிது. உணரத்தக்கார் கருத்தூன்றினாலன்றி அது தோன்றாது. செயல் குறைந்தவிடத்துக் கவனம் மிகுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

வாங்கிய வண்டியின் கைந்நூல், கியர்ப்பெட்டியின் எண்ணெய் ஆயுள்முழுதும் போதும் என்றது. ஆயுள் என்றது யாதன் ஆயுள்? எண்ணெய் கெட்டுப் பெட்டி அழிந்தக்கால் அதுவே ஆயுளின் எல்லையெனின், அச்சொல் ஒன்றனையும் உணர்த்திற்றன்று. எண்ணெயோ வெப்பத்தால் தன் தன்மை திரியும். பிடிதகடுகள் தேய்ந்த துகளும் அதனுட் கலக்கும். 70,000 மைல் கடந்தபின், காலைக் குளிரில் டி என்னும் நிலைக்கு மாற்றியவுடன் வண்டி ஒருநொடி அசையாது நின்று பின் உதைத்துச் சென்றது. இரண்டாங் கியரினின்று மூன்றாவதற்கு மாறுங்காற் குலுங்கிற்று. சூடேறிய பின் இக்குறை மறைந்தது. ஒரு பணிமனையார் பெட்டி முழுதும் மாற்றல் வேண்டுமென்றனர். அதன் செலவு வண்டியின் விலையினும் மிக்கது.

இந்நிலையில் இல்லத்தலைவர்க்கு ஓரெண்ணந் தோன்றிற்று. வண்டியைப் பிற்பகலிற் சூடேற்றி வைத்துக் காட்டின் வாங்குவோர் குறையறியார், வினவினாலன்றிச் சொல்லவேண்டுவதில்லை, விற்ற பொருளால் வேறொன்று வாங்கலாம். மனைவியார் இதற்கு இசைந்திலர். "இத்தகைய வண்டியைத் தேடி வருவோர் குழந்தைகளை உடையராகவே வருவர். வட்டச் சந்தியில் விரைந்து நுழையவேண்டிய அவ்வொருநொடியில் வண்டி அசையாது நின்றால், பின்னிருக்கையில் இருப்பவர் யார் மக்கள்?" என்று வினவினார். கணவர் விடையிறுத்திலர். விற்பனை அன்றே கைவிடப்பட்டது.

பின்னர்க் கியர்ப்பெட்டி ஒன்றையே தொழிலாகவுடைய ஒருவரிடம் வண்டி சென்றது. அவர் வடித்த எண்ணெய் கருநிறமும் தீய்ந்த நாற்றமும் உடையதாயிருந்தது. உரிய எண்ணெய் பெய்து, அழுத்தத்தை ஆளும் வால்வினையும் அவர் மாற்றினார். தேய்ந்த தகட்டை எண்ணெய் புதிதாக்காது என்பதனையும் அவர் மறைத்திலர். தயக்கம் நீங்கிற்று, சிறு குலுக்கல் எஞ்சிற்று. அதன்மேல் அவ்வில்லத்தார் நிலப்படக் குறிப்பேடு ஒன்று தொடங்கி, எண்ணெய் மாற்றிய நாளும் மைலும் எழுதி வருகின்றனர். என்றேனும் விற்க நேரின் அவ்வேட்டையும் வண்டியுடன் கொடுப்பதென்பது அவர் துணிபு.

இத்தகு வண்டியுடையார் கடைப்பிடிக்கத்தக்கன சில உள. பி நிலையில் வண்டியைப் பிடித்து நிற்பது ஒரு சிறு பல்லேயாதலின், சரிவில் முதற்கண் கைப்பிரேக்கினை இழுத்துப் பின்னரே அந்நிலைக்கு மாற்றுக. முன்செல்லும் வண்டி முற்றும் நின்றாலன்றி ஆர் நிலைக்கு மாற்றற்க. ஓய்ந்திருக்கும் இடக்காலைப் பிரேக்கிற்குப் பழக்கற்க; கிளச்சினை அழுத்திப் பழகிய கால் பிரேக்கினையும் அங்ஙனமே மிகையாக அழுத்தும். பழுதுற்ற வண்டியை, உந்துசக்கரங்கள் நிலத்திற் சுழல நெடுந்தூரம் இழுத்துச் செல்லற்க. எஞ்சின் ஓய்ந்தவழி எண்ணெய்ப் பம்பும் ஓய்தலின், பெட்டி எண்ணெயின்றித் தேயும். எண்ணெய் மாற்றுங்கால் அப்பெட்டிக்கு விதித்த வகையையே பெய்க.

பொறி மனிதரது உழைப்பின் ஒருபகுதியை ஏற்றுக்கொள்ளும். அவரது பொறுப்பின் ஒருபகுதியையும் ஏற்காது. கால் ஓய்வு பெறலாம். கருத்து ஓய்வு பெறலாகாது. ஒரு பொருளின் குறையை அறிந்தவர், அதனைத் தம்பால் வைத்திருப்பினும் பிறர்க்கு விற்பினும் அவ்வறிவிற்குக் கடமைப்பட்டவரே. அவ்வாறு ஒழுகுவாரையே உடையரென்பது பொருந்தும். ஏனையோர் வாங்கினோர் மாத்திரையேயாவர்.