ஒன்றே முக்கால் சுற்று

காலை ஒன்பதரை மணிக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் நின்று பார்த்தால், கையில் கிரீஸ் கறையோடு வருகிறவர்களைவிடக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். 1958இல் சிறுதொழில்களுக்காக அமைத்த பேட்டை. இன்று பழைய ஷெட்டுகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே வேலைக்கு வருகிறவர்களின் ஸ்கூட்டர்களை நம்பித்தான், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் போகும் சந்து ஒன்றில் நான் பார்க்கப்போன மெக்கானிக் கடை நடக்கிறது. காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து எடுப்பார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எல்லோரும் கூப்பிடுகிறபடி அண்ணன் என்றே எழுதுகிறேன்.

கார்புரேட்டர் ட்யூனிங் பார்க்கத்தான் போனேன். அண்ணனோ வெகுநேரம் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. பழைய ஆக்டிவா ஒன்று வந்திருந்தது. "மைலேஜே இல்லண்ணே, கொஞ்சம் ட்யூன் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் ஆபீசுக்கு ஓடினார். அண்ணன் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். பாதிச் சுற்றிலேயே நின்றது, பிரேக் உரசுகிறது. டயரை அமுக்கிப் பார்த்தார், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். சாலைப் புழுதி அப்பி, பேப்பரின் மடிப்பே தெரியவில்லை.

"இது அடைச்சுகினு இருந்தா காத்து எங்க சார் போவும்? ஸ்குரூவைத் திருப்பி இன்னா ஆவப்போவுது?"

இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய திறமை இதுதான்: எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருப்பது.

அந்தச் சிறிய அலுமினியக் கூட்டுக்குள் நடப்பது எளிய பௌதிகம். குறுகிய கழுத்து வழியே நீரோ காற்றோ வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும் என்று இத்தாலியர் வெஞ்சூரி 1797இல் எழுதினார். கார்புரேட்டரின் கழுத்தில் அழுத்தம் குறையும்போது கீழே கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது, மாடித் தொட்டியில் இருப்பது போன்ற ஒரு மிதவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் 'ரிச்', காற்று கூடினால் 'லீன்'. பட்டறைப் பேச்சு முழுக்க இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் எல்லா வேகத்துக்கும் பெட்ரோல் ஒரே துளை வழியாக வருவதில்லை. வண்டி நின்று உறுமும்போதும், ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகும்போதும் பைலட் ஜெட். அதற்கு மேல் ஊசியும், முழுக்கத் திருகினால் மெயின் ஜெட்டும் பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து திருப்பக்கூடிய மிக்ஸர் ஸ்குரூவின் ஆட்சி பெரும்பாலும் அந்த முதல் கட்டத்தோடு சரி. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் வரை ஒரே சீராகப் போகிறவருக்கு இந்த ஸ்குரூவால் பெரிய லாபமில்லை. கிண்டி ஹால்டா சிக்னலில் நின்று, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்கிறவருக்குத்தான் அது உயிர்நாடி. சென்னையில் ட்யூனிங் என்றால் சிக்னலுக்கு ட்யூனிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் மாற்றி, பிரேக்கைத் தளர்த்தி, காற்று பிடித்த பிறகு அண்ணன் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். எஞ்சின் சூடேறாமல் செய்கிற ட்யூனிங் சூடேறியதும் பொய்யாகிவிடும். பிறகு அணைத்துவிட்டு மிக்ஸர் ஸ்குரூவை உள்ளே திருகினார், இரண்டு விரலால். உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பலம் போட்டால் ஸ்குரூவின் கூர்முனை நசுங்கும், அது உட்காரும் துளையில் பள்ளம் விழும். அப்புறம் எத்தனை திருப்பினாலும் வண்டி சொன்னபடி கேட்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றே முக்கால் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்கக் காதின் வேலை. ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்துவார், கையை எடுத்துவிடுவார், கேட்பார். சத்தம் மெல்ல ஏறும். ஓரிடத்தில் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டினால் அடைத்த குரலாகும். கண் எரிகிற வாசனை வரும். அது ரிச். மறுபக்கம் போனால் எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலென்சரில் பட்பட்டென்று வெடிக்கும். அது லீன். இரண்டுக்கும் நடுவில் அந்த உச்சத்தைப் பிடித்தபின், இன்னொரு ஸ்குரூவால் ஐடிலிங்கை இறக்கினார். இந்த அளவு ஸ்கூட்டர்களுக்கு நிமிடத்துக்கு 1,700 சுற்றை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் நிறைய விட்டால் கியரில்லாத வண்டியில் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். சிக்னலில் பிரேக்கை விட்டதும் வண்டி முன்னால் இருக்கிறவர் மேல் ஊர்ந்து போகும். "ஆஃப் ஆவாம இருக்கணும்னு ஏத்தி வுட்டுடறாங்க சார்" என்றார்.

கூட வேலை பார்க்கும் பையனுக்கு இன்னும் குழப்பம் தீராத இடம் ஒன்று உண்டு. ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருப்பினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை அளக்கிறது. வெளியே திருப்பினால்தான் ரிச். "எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துட்டுக் கை வைடா தம்பி" என்று அண்ணன் சொன்னதும், "சரிண்ணே" என்று அவன் குனிந்து பார்த்தான். ஜெட்டைச் சுத்தம் செய்வதிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு: ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செம்பு இழை, பிறகு கம்ப்ரசர் காற்று. எஃகு ஊசி கூடவே கூடாது. பித்தளை பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஊசி அதை அகலப்படுத்திவிடும்.

மைலேஜ் கேட்டு நச்சரிக்கும் வாடிக்கையாளருக்காகச் சில பட்டறைகளில் வேண்டுமென்றே லீன் வைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இது மோசடிக்குப் பக்கத்தில் வருவதாகவே படுகிறது. எஞ்சின் சூடாகும், பிக்கப் போகும், பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் முனை வெளுக்கும். பி.யு.சி. என்ற புகைச் சோதனையில் இரு சக்கர வண்டிகளுக்கான பழைய வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம். லீன் வைத்தால் அந்த எண் இறங்கித்தான் காட்டும். ஆனால் லீன் அளவு மீறினால் எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகும். தப்பு கேட்டவர் மேலா, செய்தவர் மேலா என்றால் நான் முதலாமவரைத்தான் சொல்வேன்.

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி இந்தப் பகுதிக்குள் வந்தபோது, கார்புரேட்டருக்குள் சேறு புகுந்த வண்டிகள் சந்து முழுக்க நின்றதை அண்ணன் இன்னும் சொல்கிறார். ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தள்ளிக்கொண்டு வந்தவர்களின் எஞ்சின் பிழைத்தது. சிலிண்டருக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கிக்கரை உதைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் செலவு.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்து, புதிய பெட்ரோல் ஸ்கூட்டர்களில் கார்புரேட்டரின் இடத்தை ஃப்யூவல் இன்ஜெக்ஷன் பிடித்துக்கொண்டது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100கூட மாறிவிட்டது. ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து கார்புரேட்டர் செய்த சென்னைக் கம்பெனி யூக்காலும் இன்ஜெக்ஷன் பாகங்களுக்குப் போய்விட்டது. பழைய வண்டிகள் அதற்காக ஓடாமல் நின்றுவிடவில்லை. அவற்றுக்கு இப்போது வேறொரு தலைவலி, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே வெறும் பெட்ரோலுக்கு வைத்த பழைய செட்டிங் இப்போது லீன் பக்கம் சாய்கிறது. எஞ்சின் பக்கம் ஸ்குரூ உள்ள சில வண்டிகளுக்கு அண்ணன் அதை முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவிடுகிறார். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாள்கணக்கில் நின்ற வண்டிகளின் கிண்ணத்தில் பிடித்திருக்கும் வெள்ளைப் படிவைக் காட்டினார்.

அந்த ஆக்டிவாவுக்குப் போட்ட பில்லைப் பார்த்தேன். ஃபில்டர், ஆயில், சர்வீஸ் கூலி. ட்யூனிங் அதில் இல்லை. அது சர்வீஸோடு சேர்ந்ததாம். பட்டறையிலேயே கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கிற வேலைக்குத் தனிக்கூலி கிடையாது.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சர்வீசுக்கு விடும்போது மைலேஜ் எண்ணைச் சொல்லாதீர்கள். வண்டி எங்கே அணைகிறது, நிற்கும்போதா ஓடும்போதா, சூடாக இருக்கையிலா காலையிலா என்று சொல்லுங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பதானால், கிண்ணத்தின் அடியிலிருக்கும் ட்ரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் போங்கள்.