தரையிடக் கற்றவர்கள்

வீடு என்றதும் சுவரும் கூரையுமே பலரின் மனக்கண்ணில் தோன்றும். தரையை நினைப்பவர் சிலரே. காலின்கீழ்க் கிடப்பதனாலேயே அது கருத்துக்கு எட்டாமற் போய்விடுகின்றது. ஆயினும், கூரை பறிபோய்ச் சுவர் இடிந்து வீழ்ந்த பின்னரும் வீடு இருந்த இடத்தைச் சொல்லி நிற்பது தரையே. 2009 இல் போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்டவர்களுட் பலர், பற்றை மூடிக்கிடந்த வளவுகளிலே தத்தம் வீட்டை அடையாளங் கண்டது எஞ்சிய தரையைக் கொண்டுதான்.

முன்னாளில் தரையிடுதல் வீட்டார் அனைவரும் அறிந்த வேலை. மண்ணை நிரப்பி, நீர் தெளித்து, திமிசினால் இடித்து இறுக்கிச் சாணம் கரைத்து மெழுகுவர். வெடித்தால் மீண்டும் மெழுகிக்கொள்ளலாம். தாய் செய்வதைப் பார்த்தே மகள் கற்றுக்கொண்டாள். சீமெந்து வந்ததும் அது மேசனின் தொழிலாயிற்று. வீட்டார் கூலி கொடுத்துவிட்டு விலகி நிற்பவராயினர்.

மீள்குடியேற்றத்தின் பின் வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் அவர்களை மீண்டும் வேலைத்தலத்துக்கு இழுத்துவந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 2012 இல் விரிவாகத் தொடங்கிய அத்திட்டத்தின்படி, வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக உரியவரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கட்டி முடிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஊரெங்கும் ஒரே காலத்தில் வீடுகள் எழவே, பொருள்களின் விலையும் மேசனின் கூலியும் ஏறின. அத்திவாரமும் கூரையும் பணத்தை விழுங்கிவிட, தரைக்கு வரும்போது பலரின் கை வெறுமையாகியிருந்தது.

கிளிநொச்சிக் கிராமமொன்றிலே அவ்வாறு நின்றவர்கள் ஒரு தாயும் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்த மகளும். காப்பு ஏற்கெனவே ஈட்டுக்குப் போயிருந்தது. எஞ்சிய காசு சீமெந்துக்கும் மணலுக்கும் சல்லிக்குமே போதும், கூலிக்கு இல்லை. அயலிலிருந்த முதிய மேசன் ஒருவர் ஒரு பின்னேரம் வந்து முறையைக் காட்டிக் கொடுத்தார். மிகுதி அவ்விருவர் கையிலும் விடப்பட்டது.

முதலிற் கிரவலைச் சிறிது சிறிதாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் நீர் தெளித்து இடித்தனர். ஒரேயடியாக நிரப்பினால் மேற்பரப்பு மட்டுமே இறுகும். அடி பின்னர் தாழ்ந்து தரை வெடிக்கும். அடுத்து, தெளிவான குழாயொன்றில் நீர் நிரப்பி, அதன் இரு நுனிகளிலும் நீர் நின்ற உயரத்தைச் சுவர்களிற் குறித்து நூல் கட்டினர். சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, சல்லி ஆறு பங்கு. அவற்றை நீரின்றியே ஒரே நிறமாகும்வரை புரட்டியபின் நீர் சேர்த்தனர். தளர்வாகக் குழைத்தாற் பரப்புவது எளிதென மகள் வாளியைச் சரித்தபோது மேசன் தடுத்தார்:

“பிள்ளை, சீமெந்துக்கு வேணுமான தண்ணி வேறை, எங்கட கை நோகாமலிருக்க விடுற தண்ணி வேறை.”

அளவுக்கு மிஞ்சிய நீர் பின்னர் ஆவியாகி, உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும், தரை வலுவிழக்கும். இட்டபின்னரோ நிலைமை நேர்மாறானது. சீமெந்து காய்வதனால் இறுகுவதில்லை; நீரோடு கலந்து மாற்றமடைவதனாலேயே இறுகுகின்றது. ஆகவே உள்மூலையிற் பரப்பத் தொடங்கி, பலகையால் மட்டம் இழுத்து, வாசலை நோக்கிப் பின்வாங்கி வந்தவர்கள், மறுநாள் முதல் ஏழு நாள் ஈரச்சாக்கு விரித்துக் காவலிருந்தனர்.

அந்நாள்களில் ஒருநாளே தாய் தன் மனத்திலிருந்ததைக் கேட்டாள். 2008 இல் அவள் விட்டுச்சென்ற வீட்டின் தரையும் சீமெந்துத் தரையே. “இதையும் விட்டிட்டு ஓட வேண்டி வந்தால் என்ன பிள்ளை செய்யிறது?” மகள் மறுமொழி கூறவில்லை. கேட்டவளும் அதற்காகக் காத்திராமல், காயத்தொடங்கிய சாக்கை நனைக்க எழுந்துபோனாள்.

தரை முடிந்தது. மேசனின் கைக்கு வரும் மினுக்கம் அதற்கு இல்லை. வடமூலை சற்றுத் தாழ்ந்து, கழுவும்போது நீர் தேங்கும். ஆயினும் அதே நிலையில் நின்ற அயல்வீட்டார் இருவர் தாயையும் மகளையும் அழைத்தனர். முதல்வீட்டில் நேர்ந்த பிழை அடுத்த வீட்டில் நேரவில்லை.

உதவிப்பணம் பற்றிய கணக்குகளில் இத்தகைய கல்விக்கு இடமில்லை. எத்தனை வீடு முடிந்தது என்றே அவை கூறும். எத்தனைபேர் கட்டக் கற்றனர் என்று கூறா. பலமுறை இடம்பெயர்ந்தவர் தாம் இட்ட தரையைச் சுமந்துசெல்ல இயலாது. அதனை இடக் கற்ற கை அவரோடு செல்லும். எனினும் அக்கல்வியின் மேலான பயன் அதுவன்று. இனி எங்கும் போவதில்லை என்று துணிந்தவரே ஏழு நாள் சாக்கு நனைத்துக் காத்திருப்பர். அத்துணிவை எந்தத் திட்டமும் கட்டங்கட்டமாக வழங்க முடியாது. அதனை அம்மக்கள் தாமே தேடிக்கொண்டனர்.