அத்தையைக் கட்டிப் போட்டவர்கள்

"உருவாஞ்சுருக்கு போட்றாத கண்ணு. இழுத்தா எறுகிக்கும்" என்று அப்பத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. 1989ஆம் வருடம். இராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் கடலைக்காய் பிடுங்கு நடந்துகொண்டிருந்தது. அப்பத்தாவும் அம்மாவும் காட்டுக்குப் போனால் திரும்பப் பொழுது சாயும். அப்பா நாமக்கல்லில் ஒரு லாரிக்கு டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு வர இருபது நாளாகும். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சோற்றுக்கு ஓடி வருகிறவள் நான்தான். அத்தையை அவிழ்த்துவிட்டு, அவர் பின்பக்கம் போய்வந்து சாப்பிட்டதும் மறுபடி கட்டிவிட்டுப் போக வேண்டியது என் வேலை.

கட்டுத்தறியில், கன்றுக்குட்டி கட்டும் முளைக்கு எதிரே ஒரு கல்தூண். அத்தையின் இடது காலில் அம்மாவின் பழைய நூல்சேலைக் கிழியல், அதிலிருந்து தாம்புக்கயிறு, கயிற்றின் மறுமுனை தூணில். கிழியல் எதற்கென்றால் கயிறு தோலை அறுக்காமல் இருக்க. அது அம்மாவின் யோசனை. வீட்டில் அத்தைமேல் இரக்கம் இருந்ததற்குச் சாட்சியாக வெகுகாலம் அந்தக் கிழியலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பேச்சு குறைவு. மனம் போனால் நடக்க ஆரம்பித்துவிடுவார், குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஃபேக்டரியில் மாவு காயும் களம், அதைத் தாண்டினால் லாரி போகும் ரோடு. ஊரில் சிலர் அவரைப் "புத்தி கொறவு" என்றார்கள், சிலர் "பைத்தியம்" என்றார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது; அதற்குச் சட்டம் வைத்திருக்கும் விலையும் அப்போதுதான் தெரிந்தது. குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கவும் வைத்திருக்கிறார்கள். 48 நாளும் கூட இருந்தது அப்பத்தாதான்.

எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று கொஞ்சுவார்கள். மரியாதைக்குப் பேர்போன ஊர். என் மற்ற அத்தைகளுக்கு "வாங்க அத்தை", "சாப்பிடுங்க அத்தை". இவருக்கு மட்டும் நண்டு சிண்டு எல்லோரும் "வா", "உக்காரு". நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இந்தக் கட்டுரையில் அவரை "அவர்" என்று எழுதும்போது இன்னும் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது, பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஒருநாளும் அத்தையைக் கட்டியதில்லை. அவிழ்த்ததும் இல்லை. லோடு இறக்கிவிட்டு வரும்போது தங்கைக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வருவார். தங்கச்சியை நடுத்தெருவில் விடாத நல்ல அண்ணன் என்று ஊரில் பெயர். கட்டியதெல்லாம் நாங்கள், அப்பத்தாவும் அம்மாவும் நானும். ஊனமுற்றோரைச் சங்கிலியில் கட்டும் கொடுமையைப் பற்றிப் பேசும்போது கட்டிய கை யாருடையது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைதான் அகப்படும். அந்தக் கைக்கு அன்றைக்கு வேறு எத்தனை வேலை இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதைச் சொல்லிக் கட்டியதை நியாயப்படுத்திவிடவும் முடியாது. முப்பது வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். நான் அப்போது சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதித் தொலைக்காட்சியில் அந்தச் சங்கிலிகளைக் காட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு கவிதை எழுதினேன், ஒரு சிற்றிதழில் வெளிவந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அத்தை தூணில் இருந்தார். நான் பையை வைத்துவிட்டு, அவரை அவிழ்த்துக் குளிக்க ஊற்றி, சோறு போட்டு, மறுபடி கட்டினேன். ஏர்வாடி நினைவுக்கு வரவே இல்லை. ஏர்வாடியில் இருந்தது இரும்புச் சங்கிலி, எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் சேலை. அந்தக் கவிதை என் முதல் தொகுப்பில் இருக்கிறது, இப்போது அதை எங்கும் வாசிப்பதில்லை.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதி ராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஊர்க் காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோரை அரசு பொறுப்பேற்றது. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை செய்வதையும் அதே பிரிவு தடுக்கிறது. 97ஆம் பிரிவை என் மாணவிகள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். தனியறையில் அடைத்து வைக்கவே கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவதென்றால், அப்போதே நேரப்போகும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல். ஏன், எப்படிச் செய்தார்கள் என்பது பதிவாக வேண்டும். அந்த நபர் தமக்கென்று நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. வேலைக்கு ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

அந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரோ, கட்டுத்தறியைப் பார்த்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பத்தா 2006இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பின் பன்னிரண்டு வருடம் அம்மா ஒருத்தியே பார்த்தாள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, இனி முடியாது என்றானபோது 2018இல் அத்தையை ஒரு தனியார் காப்பகத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம். மாதக் கட்டணத்தை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். கயிறில்லாத இடத்தில் சேர்த்துவிட்ட நிம்மதி எனக்கு.

கொரோனாவில் பல மாதம் பார்க்க விடவில்லை. 2020 டிசம்பரில் போனபோது அத்தையின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாயோரம் எச்சில் வழிந்தது, கண் திறக்க முடியாத தூக்கம். வளையல் வாங்கிப் போயிருந்தேன். போட்டுவிடக் கையைப் பிடித்தால் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் அகலத்துக்குக் கறுத்த தழும்பு. கட்டிலில் கட்டியிருக்கிறார்கள்.

"ராத்திரிக்கு முப்பது பேருக்கு ஒரே ஆள்தாங்க. எந்திரிச்சுப் போயி விழுந்து வெச்சாங்கன்னா நாங்கதானுங்க பதில் சொல்லணும்" என்றார் அங்கிருந்த பெண். அவரும் என் அம்மா வயதுதான். பொய் சொல்லவில்லை. எப்போது கட்டினீர்கள், யார் சொல்லிக் கட்டினீர்கள், நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். நிர்வாகிக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல நீங்க நோட்டுப் போட்டுத்தான் கட்டினீங்களா மேடம்?" என்று கேட்டார். சேர்க்கும்போது கால் தழும்பை அவர் பார்த்திருக்கிறார்.

என்னிடம் படித்து இப்போது சேலம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். அவள் அத்தையின் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். அறிவுசார் குறைபாடு என்று இருந்தது. "மேம், 2017 சட்டத்துல மனநோய்க்குச் சொல்ற விளக்கத்துல இது வராது. வெளிப்படையா விலக்கியிருக்காங்க" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டிலில் இருவர். ஒருவருக்கு மனச்சிதைவு, அவர் கையைக் கட்டினால் 97ஆம் பிரிவு வரும். பக்கத்துக் கட்டிலில் அத்தை. அவருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான். அதில் கொடுமையான, இழிவான நடத்தையிலிருந்து காப்பாற்ற அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வன்முறை நடப்பது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எப்போது கட்டலாம், எவ்வளவு நேரம், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. புத்தி கொறவா, பைத்தியமா என்று எங்கள் ஊரில் வாய்க்கு வந்தபடி சொன்ன இரண்டு சொல்லுக்கு நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம்.

தகவல் கொடுக்கும் மனுவை அன்றே எழுதி வைத்தேன். கொடுக்கவில்லை. இழுத்து மூடிவிட்டால் மற்ற முப்பது பேர் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான கவலைதான். நிர்வாகி கேட்ட கேள்வியை அதிகாரி முன்னால் அவர் மறுபடி கேட்டுவிடுவார் என்ற பயமும் இருந்தது. அத்தையை மட்டும் சேலத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கிளம்பும்போது பக்கத்துக் கட்டில் அம்மா தன் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வாசல்வரை வந்தார். அவரைக் கட்டிலுக்குத் திருப்பி அழைத்துப் போனவள் நான்தான். நான்கு மாதம் கழித்துத்தான் மனுவைக் கொடுத்தேன். விசாரணைக்கு வந்தார்கள். இப்போது இரவுக்கு இரண்டு பேர் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டில் முதன்முறையாக அத்தையைக் கட்டாமல், அவசரமில்லாமல், உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். சின்ன வயதில் பாவாடையை மார்பில் கட்டி நான்கு செம்பு தண்ணீர் ஊற்றுவதோடு சரி. இப்போதுதான் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்தேன். அம்மாவைக் கேட்டேன்.

"நான் கல்யாணமாயி வந்த வருசம். உங்கப்பத்தா கூட்டிட்டுப் போயி எடுத்துட்டு வந்துட்டாங்க. மாசாமாசம் தூரத்துணி மாத்தி உட யாரு இருந்தா கண்ணு?"

"அத்தைகிட்ட கேட்டாங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றவள் கொஞ்சம் நேரம் கழித்துச் சொன்னாள்: "காடு மேடெல்லாம் ஆம்பளைங்க திரியறாங்க. அதுக்கப்புறம் அந்தப் பயம் இல்லீல்ல."

அந்தப் பயம் என்றால் எந்தப் பயம்? கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, அவ்வளவுதான். காட்டில் திரிகிற ஆம்பிளை அப்படியேதான் திரிவான், நடந்தது வெளியே தெரியாது என்பது மட்டுமே கூடுதல். இதைப் படிப்பில்லாத ஒரு கிழவியின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 1994இல் புனே சசூன் அரசு மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்திலிருந்து கூட்டி வரப்பட்ட பெண்களுக்கு மருத்துவர்களே இதைச் செய்தார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பதுதான் அங்கேயும் சொன்ன காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகுதான் நின்றது. ஒரு நாப்கினுக்கும் அதை மாற்ற ஓர் ஆளுக்கும் ஆகும் செலவைவிட ஓர் உறுப்பை வெட்டி எடுப்பது சுலபம் என்று அப்பத்தாவுக்கும் அரசுக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

2009இல் சண்டிகரில் ஓர் அரசு இல்லத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கர்ப்பமான, அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்க உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவளுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு, அவளிடமே கேட்டுப் பார் என்று ஒரு நீதிமன்றம் பதில் சொன்ன நாள் அது. 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு, மலடாக்கும் எந்த மருத்துவத்துக்கும் அவரவர் சம்மதம் வேண்டும் என்கிறது. கருக்கலைப்புக்கு மட்டும் தீவிரக் குறைபாடு என்றால் மருத்துவர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதும் என்று 92ஆம் பிரிவில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தில் எத்தனை அப்பத்தாக்கள் நுழைவார்களோ.

இப்போது அத்தை என்னோடுதான் இருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மாதம் 12,000 ரூபாய் கொடுக்கிறேன். அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. மீதியைக் கொடுக்க எனக்கு அரசுக் கல்லூரிச் சம்பளம் இருக்கிறது. என் அம்மாவுக்குக் கடலைக்காடு இருந்தது. சாயங்காலம் அத்தையை நடக்கக் கூட்டிப்போகிறேன். தெருமுனை டீக்கடைக்காரர், அயர்ன்காரம்மா, மருந்துக்கடைப் பையன் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தனியாகக் கண்டால் கூப்பிடுவார்கள். ஊரில் கல்தூண் செய்த வேலையை இங்கே கொஞ்சம் தெரு செய்கிறது.

எல்லா நாளும் அல்ல. வேலைக்கு வருகிற பெண்ணின் மகனுக்குக் காய்ச்சல் என்றால், எனக்குத் தேர்வுப் பணி என்றால், கேட்டைப் பூட்டி அத்தையை உள்ளே விட்டுவிட்டுப் போகிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது சாவி கைப்பையில் கிடக்கும். அந்த நிர்வாகியின் கேள்விக்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தேதி, பூட்டிய நேரம், திறந்த நேரம், காரணம் என்று நான்கு கட்டம். யாரிடமும் காட்ட வேண்டிய சட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். சில சமயம் கேட்கிறார், சில சமயம் எழுந்து போய்விடுகிறார்.

இதுவரை 17 பதிவுகள். 16இல் காரணம் என்ற கட்டத்தில் "ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் வேறு. கல்லூரி விடைத்தாள் கட்டில் நான்கைந்தை அத்தை கிழித்துவிட்டார். அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். 20 நிமிடம். காரணம்: எனக்குக் கோபம்.