தேடியும் கிடைக்காதபோது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

தேடாத மனிதன் உலகில் இல்லை. உழவன் தண்ணீரைத் தேடுகிறான். மீனவன் மீன்பாட்டைத் தேடுகிறான். மாணவன் மதிப்பெண்ணைத் தேடுகிறான். தேடியது கிடைத்துவிட்டால் 'திறமை' என்கிறோம். கிடைக்காவிட்டால் 'தலையெழுத்து' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். கிடைத்ததற்குக் காரணம் உண்டென்றால், கிடைக்காததற்கும் ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, அதுவரை மனம் தளராமல் இருப்பது எப்படி என்பதை, உலோகம் காணும் கருவியை வைத்து இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

'மெட்டல் டிடெக்டர்' என்றதும் நம் நினைவுக்கு வருவது விமான நிலையமும் காவல்துறையின் வெடிகுண்டுச் சோதனையுமே. மேல்நாடுகளில் கடற்கரையிலும் வயல்வெளியிலும் இதைக் கையில் ஏந்திக் காசும் மோதிரமும் தேடுவதைப் பலர் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இதன் அடிப்படை நாம் பாடத்தில் படித்ததுதான். 1831-ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் உயிர். கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை சுருளின் தன்மின்தூண்டல் எண்ணை மாற்றுகின்றன. அந்தச் சிறு மாற்றத்தைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவதே கருவியின் வேலை.

இக்கருவியின் வரலாறே ஒரு தோல்வியில்தான் தொடங்குகிறது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறதென்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், தூண்டல் முறையில் ஒரு கருவியை அமைத்துக்கொண்டு வந்தார். ஜூலை 26, ஆகஸ்டு 1 ஆகிய இரு நாட்களில் தேடியும் குண்டின் இடம் தெரியவில்லை. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்ட் காலமானார்.

பெல்லின் கருவி பழுதானதா? இல்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தலைமை மருத்துவர் உடலின் வலப்புறத்தை மட்டுமே தேட அனுமதித்தார். பிணப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்புறம் இருந்தது தெரியவந்தது. நல்ல கருவி, நல்ல அறிஞர்; ஆனால் சூழல் ஏமாற்றியது, இடமும் தவறியது. "கிடைக்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை காரணங்கள் ஒளிந்திருக்கக் கூடும்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் பேருந்தில் வந்து படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மீன்பாடு குறைந்த நாட்களில் என் படிப்புச் செலவுக்குக் கைகொடுப்பது அக்காவின் தோடுகள். இரண்டும் சேர்ந்து ஒரு சவரன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவை அடகுக் கடைக்குப் போகும். தீபாவளிக்கு முன் திரும்பி வரும். சென்ற ஆண்டு பங்குனியில் ஒருநாள் கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துவிட்டு வீடு திரும்பிய அக்காவின் ஒரு காது வெறுங்காதாக இருந்தது.

அன்று மாலை முழுவதும் குப்பத்துப் பெண்கள் வலை கிடந்த இடத்தில் மணலைக் கையால் அளைந்து பார்த்தார்கள். அம்மா சல்லடை கொண்டு சலித்தார். ஒன்றும் அகப்படவில்லை. "கடலு எடுத்துக்கிச்சு, வுடுப்பா" என்றார் அம்மா. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இனி ஒற்றைத் தோட்டுக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியர் ஒருவரின் துணையோடு சிறு கருவி ஒன்றை அப்போது நாங்கள் நால்வர் அமைத்திருந்தோம். இரண்டு அலையியற்றிகள், ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றதன் சுருளை, எனாமல் பூசிய செம்புக் கம்பியால் ஒரு பிளாஸ்டிக் தட்டின் விளிம்பில் சுற்றியிருந்தோம். இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடு விம்மலாகக் காதில் ஒலிக்கும். பேராசிரியரின் அனுமதியோடு அதைக் கரைக்குக் கொண்டு சென்றோம். முதல் மூன்று நாட்களும் பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, சிகரெட் பெட்டியின் தகடு, வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டு ஆகியவையே கிடைத்தன. "என்ன தம்பி, காலேஜ் மிஷினு மூடிதான் புடிக்குமா?" என்று கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது கேலியாக இருந்தாலும், கேள்வி சரியான கேள்விதான். உண்மையில் இக்கருவி எதைப் பிடிக்கும்? எவ்வளவு ஆழத்தில் பிடிக்கும்?

அதிலிருந்துதான் எங்கள் உண்மையான தேடல் தொடங்கியது. நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டோம்.

முதல் கேள்வி, கருவி வேலை செய்கிறதா என்பது. இதற்கு விடை கருவிக்குள் இல்லை. தெரிந்த பொருளை வைத்துத்தான் தெரியாத பொருளைத் தேட முடியும். அக்காவின் மற்றொரு தோட்டை வாங்கி, நூல் கட்டி, மணலில் புதைத்துப் பார்த்தோம். இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒலி தெளிவாக மாறியது. நான்கு விரற்கடையில் காதைக் கூர்மையாக்கினால் தெரிந்தது. ஆறு விரற்கடையில் ஒன்றுமே இல்லை. ஆகவே கருவி பழுதன்று. அதன் எல்லை நான்கு விரற்கடை. அன்றிலிருந்து மேல்மணலைப் பலகையால் நான்கு விரற்கடை வழித்தெடுத்து, கீழுள்ள மணலை மறுபடி தேடினோம்.

இரண்டாவது, நிலம் ஏமாற்றுகிறதா என்பது. நம் கடற்கரையில் அலை பின்வாங்கியதும் மணலில் கருநிற வரிகள் படிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காந்தத்தைக் கொண்டுபோனால் அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும். அது மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். கடல்நீரோ உப்பினால் மின்கடத்தியாகிவிடுகிறது. கருமணலும் ஈரமணலும் சேர்ந்த இடத்தில், உலோகமே இல்லாமல் கருவி ஓசையை மாற்றும். வலையிலிருந்து நீர் சொட்டிய இடமெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. இதற்கு வழி எளிது. கருவியைக் காற்றில் பிடித்துச் சரிசெய்யாமல், தேடப்போகும் மணலின் மீதே வைத்துச் சரிசெய்ய வேண்டும். சுருளை மணலிலிருந்து ஒரே உயரத்தில் நகர்த்த வேண்டும். வெயில் ஏறி மணல் காய்ந்த பிறகு தேடுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, குப்பையும் பொன்னும் வேறுபடுகின்றனவா என்பது. இரும்பு ஆணி சுருளின் தூண்டல் எண்ணைக் கூட்டும். பொன்னும் செம்பும் ஈயமும் குறைக்கும். ஆகவே ஓசை ஒன்றுக்கு ஏறும், மற்றதற்கு இறங்கும். ஆனால் தட்டையான இரும்பு மூடி சில நேரம் பொன்னைப் போலவே பேசும். அலுமினியத் தகட்டுக்கும் தோட்டுக்கும் எங்கள் கருவியில் வேறுபாடே தெரியவில்லை. குப்பை என்று எண்ணி ஓர் ஒலியைத் தள்ளினால் தோட்டையே தள்ளிவிடக் கூடும். எனவே ஆணியின் ஒலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தோண்டினோம்.

நான்காவது, முழுவதையும் தேடினோமா என்பது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. பழைய வலைக்கயிற்றை இரு முளைகளில் கட்டி, ஒரு முழ அகலப் பாத்திகளாக இடத்தைப் பிரித்தோம். ஒரு வீச்சு அடுத்த வீச்சின்மேல் பாதியாவது படிய வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். முடித்த பாத்தியை நோட்டில் குறித்தோம்.

ஒன்பதாம் நாள் வலை கிடந்த இடம் முழுவதும் முடிந்தது. தோடு இல்லை. ஆனால் இந்த 'இல்லை' முதல் மூன்று நாட்களின் 'இல்லை' அன்று. இப்போது கருவியின் எல்லை தெரியும், நிலம் தெரியும், ஓர் அடிகூட விடவில்லை என்பதும் தெரியும். ஆகவே தோடு அங்கே விழவே இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. அக்காவிடம் சென்று அன்று காலை முதல் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மீன் பிரித்து முடித்ததும் ஏலம் போடும் கொட்டகை நிழலில் நின்று, வெயிலுக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறியது அவளுக்கு நினைவு வந்தது. அந்த இடம் வலை கிடந்த இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது. அங்கே ஒருவரும் தேடியிருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொட்டகைக் காலருகே ஒலி மாறியது. மணலை அள்ளி அம்மாவின் சல்லடையில் போட்டோம். மூன்றாம் சலிப்பில் தோடு மேலே நின்றது. கொக்கி சற்று வளைந்திருந்தது. திருகாணி இன்றுவரை கிடைக்கவில்லை. ஜூன் மாதம் தோடுகள் வழக்கம்போல் அடகுக் கடைக்குப் போயின; நானும் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன்.

பன்னிரண்டு நாளும் மனம் தளராமல் இருந்தது எப்படி என்று நண்பர்கள் கேட்டார்கள். அதற்குத் துணை நின்றது நோட்டுதான். 'தோடு கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு நாளும் தோல்வியாகவே இருந்திருக்கும். நாங்கள் எழுதியது வேறு: இன்று முடித்த பாத்தி ஆறு, தோண்டிய ஒலி பதினேழு, ஈயக்குண்டு எட்டு, ஒரு ரூபாய்க் காசு இரண்டு. ஈயக்குண்டுகளை வலைக்காரர்களிடமே கொடுத்தோம். கேலி செய்தவர்கள் அதன்பின் தாங்களும் வந்து கயிறு பிடித்தார்கள். நம் கையில் இருப்பது வேலைதான். பொருள் நம் கையில் இல்லை. கையில் இருப்பதை எண்ணினால் நாள் வீணாகத் தோன்றாது.

நம் கரையில் அறிஞர்கள் செய்த தேடலும் இவ்வாறே நடந்திருக்கிறது. மாமல்லபுரத்துக் கடலுக்குள் கோயில்கள் மூழ்கிக் கிடப்பதாக நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. 2002-ஆம் ஆண்டு தேசியக் கடலியல் நிறுவனத்தார் இங்கிலாந்துக் குழுவினரோடு சேர்ந்து மூழ்கித் தேடியபோது, கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி பல உயிர்களைக் கொண்டுபோனது. அதே அலை சாளுவன்குப்பத்துப் பாறையில் மணல் மூடியிருந்த கல்வெட்டுகளையும் வெளிப்படுத்தியது. அங்கே ஒரு முருகன் கோயில் இருந்ததை அவற்றால் அறிந்த தொல்லியல் துறையினர், 2005-இல் அருகிலிருந்த மேட்டை அகழ்ந்தார்கள். பல்லவர் காலக் கோயிலும், அதற்கும் கீழே அதனினும் பழமையான செங்கற் கோயிலும் வெளிப்பட்டன. அந்த மேட்டைத் தாண்டி எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். கல்வெட்டைப் படித்தவர்களுக்கே தோண்ட வேண்டிய இடம் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கருவியோடு கடற்கரைக் கோயில் பக்கம் போய்விடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். தன் வீட்டுத் தோட்டைத் தேடுவது வேறு. நாட்டின் சொத்தை நோண்டுவது வேறு.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். மதிப்பெண் குறைந்தால் ஏன் குறைந்தது என்று சொல்ல நம் வீட்டில் ஆள் இல்லை. அவர்கள் அன்பு மிகுதியால், "அவ்வளவுதான் நமக்கு எழுதியிருக்கு" என்று நம்மைத் தேற்றுவார்கள். அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளுங்கள்; அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் தவறிவிட்டால் அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான் படிக்கும் முறை, எனக்கு நன்கு தெரிந்த ஒரு பாடத்திலாவது பயன் தருகிறதா? வீட்டுச் சத்தமும் பேருந்துப் பயணமும் எந்த நேரத்தில் என்னைக் குழப்புகின்றன? எது முக்கியம், எது துணைச் செய்தி என்று பிரித்தேனா? பாடம் முழுவதையும் பாத்தி பாத்தியாக முடித்தேனா, அல்லது பிடித்த பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தேனா?

இவற்றுக்கு விடை எழுதிய பிறகும் கிடைக்கவில்லை என்றால், இடத்தை மாற்றுவோம், தெரிந்தவரைக் கேட்போம். ஆனால் கேள்வி கேட்காமலேயே தலையெழுத்து என்று கைவிட வேண்டாம். நம் வீட்டார் நமக்காக அடகு வைப்பது சிறிய பொருளன்று.